பல் டாக்டர்னாலே பயமா? பயத்துக்கும் சிகிச்சை இருக்கு!

பல் வலி வந்தா முதல்ல என்ன செய்வோம்? கிராம்பு வைப்போம். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்போம். மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போடுவோம். வலி அடங்கியதும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுவோம். காசு இல்லை, நேரம் இல்லை என்று வெளியில் காரணம் சொன்னாலும், பல பேருக்கு உள்ளே இருக்கிற உண்மையான காரணம் பயம்தான்.

இந்தப் பயம் கோழைத்தனம் கிடையாது. பல் மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு இதை எப்படிக் கையாள்வது என்று பாடமாகவே நடத்துகிறார்கள். பதற்றத்தைத் தணித்துச் சிகிச்சை தருவதற்கு 'செடேஷன்' என்ற முறையும் இருக்கிறது. அது என்ன, யாருக்குத் தேவை, யார் எச்சரிக்கையாக இருக்கணும், டாக்டரிடம் என்னென்ன கேட்கணும் என்பதை இந்தக் கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பயம் எங்கிருந்து வருது?

சிறு வயதில் வலியோடு பல் பிடுங்கிய அனுபவம் ஒரு காரணம். வீட்டில் பெரியவர்கள் சொன்ன கதைகள் இன்னொரு காரணம். ஊசி, பல் குடையும் கருவியின் சத்தம், மருந்து வாசனை, வாயைத் திறந்தபடி பேச முடியாமல் படுத்திருப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று பயம் தரும். சிலருக்கு வாயில் எதை வைத்தாலும் குமட்டும். சிலருக்கு "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் திட்டுவாரோ என்ற கூச்சம்.

"மேல் பல்லைப் பிடுங்கினா கண் பார்வை போயிடும்" என்ற பேச்சும் நம்ம ஊரில் ரொம்ப நாளாக இருக்கிறது. பல்லின் உணர்வைக் கொண்டு போகிற நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போகாது. வயதானவர்களுக்குப் பல் விழுவதும் கண் புரை வருவதும் ஏறக்குறைய ஒரே வயதில் நடப்பதால், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

தள்ளிப்போட்டா என்ன ஆகும்?

கொஞ்சம் கவனமா படிங்க. பயம் எப்படி வளருது என்பது இங்கேதான் புரியும்.

சின்ன சொத்தையாக இருக்கும்போது போனால் அடைப்பதோடு வேலை முடிந்துவிடும். தள்ளிப்போட்டால் சொத்தை பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு வரை போகும். அப்போது வேர் சிகிச்சை தேவைப்படும். இன்னும் தள்ளிப்போட்டால் வேரின் அடியில் சீழ் கட்டும். சீழ் பிடித்த இடத்தில் திசுக்களின் அமிலத்தன்மை கூடிவிடுவதால், மரத்துப்போகும் ஊசி போட்டாலும் மருந்து நரம்புக்குள் சரியாக இறங்காது. "எனக்கு ஊசியே வேலை செய்யல, துடிச்சுப் போயிட்டேன்" என்று சிலர் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஆக, பயத்தால் தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போட்டதால் வலி கூடுகிறது. வலி கூடியதால் அடுத்த முறை பயம் இரட்டிப்பாகிறது. இந்தச் சுழலை எங்கேயாவது ஒரு இடத்தில் வெட்டணும். சீக்கிரம் போவது ஒரு வழி. பயத்துக்கே சிகிச்சை கேட்பது இன்னொரு வழி.

ஒரு எச்சரிக்கை: கீழ்த்தாடைக்கு அடியில் அல்லது கழுத்தில் வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், நாக்கு மேலே தூக்கினது போல இருப்பது, மூச்சுத் திணறல், இவற்றோடு காய்ச்சல் இருந்தால் காத்திருக்காதீங்க. பல்லில் தொடங்கிய கிருமித் தொற்று கழுத்துக்குப் பரவி மூச்சுப் பாதையையே அடைக்கக்கூடும். உடனே 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்க.

உங்க பயம் எவ்வளவு? நீங்களே பாருங்க

பல் சிகிச்சை பயத்தை அளக்க உலகம் முழுவதும் ஐந்து கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் கேட்கப்படுவது இந்த ஐந்து சூழல்கள்தான்:

1. நாளைக்குப் பல் டாக்டரிடம் போகணும் என்றால் எப்படி இருக்கும்?
2. உங்க முறை வருவதற்காகக் காத்திருக்கும்போது?
3. பல்லைக் குடையப் போகிறார்கள் என்றால்?
4. பல்லைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால்?
5. ஈறில் ஊசி போடப் போகிறார்கள் என்றால்?

ஒவ்வொன்றுக்கும் 'பயமே இல்லை' என்றால் 1, 'கொஞ்சம்' என்றால் 2, 'ஓரளவு' என்றால் 3, 'ரொம்ப' என்றால் 4, 'தாங்கவே முடியாது' என்றால் 5 மதிப்பெண் போடுங்க. கூட்டினால் 5-லிருந்து 25-க்குள் வரும். 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எந்தக் கேள்விக்கு அதிக மதிப்பெண் வந்தது என்பதையும் குறித்து வையுங்க. "எனக்கு ஊசிதான் பயம், மத்தது பரவாயில்லை" என்று குறிப்பாகச் சொன்னால் டாக்டருக்கு வேலை சுலபம்.

மருந்து இல்லாமலே பயம் குறையுமா?

நிறைய பேருக்குக் குறையும். அதனால் முதலில் இவற்றை முயற்சி பண்ணிப் பாருங்க.

• முதல் நாளே "எனக்குப் பயம் இருக்கு" என்று டாக்டரிடம் சொல்லுங்க. ஓபி சீட்டு வாங்கி உள்ளே போனதும் சொல்லவேண்டிய முதல் வார்த்தை இதுதான்.

• கை சைகை பேசி வையுங்க. நீங்க இடது கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்தணும். நிறுத்துகிற அதிகாரம் நம்ம கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

• காலையிலேயே போங்க. சாயங்காலம் என்றால் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு இருப்பீங்க.

• வெறும் ஊசி மட்டும் போட்டுச் செய்கிற சிகிச்சை என்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்க. பசியும் பயமும் சேர்ந்தால் தலை சுற்றி மயக்கம் வரும்.

• ஊசி போடும் முன் ஈறில் தடவும் மரத்துப்போகும் ஜெல் இருக்கிறதா என்று கேளுங்க.

• முதல் தடவை பரிசோதனை, அடுத்த தடவை சுத்தம் செய்வது, அதற்கடுத்த தடவை அடைப்பது என்று படிப்படியாகப் போகலாமா என்று கேளுங்க. அவசரம் இல்லாத சிகிச்சைக்கு இது நல்ல வழி.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டால் உடனே பயந்துவிடாதீங்க. மரத்துப்போகும் மருந்தோடு கொஞ்சம் அட்ரினலினும் கலந்திருப்பது வழக்கம். அதனால் சில நிமிடம் படபடப்பு வரலாம், தானாக அடங்கிவிடும். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்க. இதய நோய் இருப்பவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லணும்.

செடேஷன்னா என்ன?

மேலே சொன்னது எதுவும் போதவில்லை என்றால் அடுத்த கட்டம் செடேஷன். மருந்தின் மூலம் பதற்றத்தைத் தணித்து, உடம்பையும் மனசையும் தளர்த்தி, அந்த நிலையில் பல் சிகிச்சை செய்வது.

இதில் ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. செடேஷன் பயத்தைக் குறைக்கும். வலியைத் தடுப்பது மரத்துப்போகும் ஊசிதான். அதனால் செடேஷன் கொடுத்தாலும் அந்த ஊசி போடுவாங்க. வித்தியாசம் என்னவென்றால், அப்போது அந்த ஊசி உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது.

மயக்க மருந்தின் வரலாற்றில் பல் மருத்துவர்களுக்குத் தனி இடம் உண்டு. 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசித்துவிட்டு, தன் பல்லையே இன்னொரு மருத்துவரை வைத்துப் பிடுங்கிக்கொண்டார். 1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து அறுவை சிகிச்சை செய்யலாம் என்று எல்லோர் முன்னாலும் காட்டிய வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவர்தான். வெல்ஸ் சுவாசித்த அதே நைட்ரஸ் ஆக்சைடு, இன்று ஆக்சிஜனோடு அளவாகக் கலந்து கொடுக்கப்படுகிறது.

நான்கு படிகள்

1. மூக்கு வழியாக வாயு. மூக்கின் மேல் சின்ன மாஸ்க் வைத்து முதலில் வெறும் ஆக்சிஜன் கொடுப்பாங்க. பிறகு நைட்ரஸ் ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பாங்க. சில நிமிடத்தில் உடம்பு லேசாகி, விரல்களில் குறுகுறுப்பு தெரியும். நீங்க விழித்துத்தான் இருப்பீங்க, டாக்டர் கேட்டால் பதில் சொல்வீங்க. இதற்கென உள்ள கருவிகள் ஆக்சிஜன் அளவு 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி அமைக்கப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் சுமார் 5 நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் வாயு உடம்பைவிட்டு வெளியேறிவிடும். மூக்கடைப்பு இருந்தால் இது சரியாக வேலை செய்யாது.

2. மாத்திரை அல்லது மருந்துத் தண்ணீர். சிகிச்சைக்குக் கொஞ்ச நேரம் முன்பு குடிக்கக் கொடுப்பார்கள். ஊசி தேவையில்லை என்பது வசதி. ஆனால் மருந்து எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழமாக வேலை செய்யும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வயிற்றுக்குள் போனதை நடுவில் குறைக்கவும் முடியாது.

3. கை நரம்பு வழியாக ஊசி. மிடாசோலம் போன்ற மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். தூக்கக் கலக்கம் போல இருக்கும். கூப்பிட்டால் பதில் சொல்வீங்க, ஆனால் நடந்தது பின்னால் அவ்வளவாக ஞாபகம் இருக்காது. ஞானப்பல் அறுவை சிகிச்சை, ஒரே நேரத்தில் பல பற்களை எடுப்பது போன்றவற்றுக்கு இது பயன்படுகிறது. மிடாசோலம் அதிகமாகிவிட்டால் அதை முறிக்க ஃப்ளுமாசெனில் என்ற மாற்று மருந்தும் உண்டு.

4. முழு மயக்கம். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து நிபுணர் கொடுப்பது. நிறையப் பற்கள் சொத்தையான சின்னக் குழந்தைகள், ஒத்துழைக்க முடியாத மாற்றுத்திறனாளிகள், பெரிய தாடை அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு இது தேவைப்படலாம்.

இந்த நான்கும் தனித்தனிப் பெட்டிகள் மாதிரி இருக்காது, படிக்கட்டு மாதிரி. லேசான நிலைக்காகக் கொடுத்த மருந்தே சிலரை அடுத்த படிக்கு இறக்கிவிடலாம். அப்போது மூச்சு மெதுவாகும். அதைக் கவனித்துச் சமாளிக்கத் தெரிந்த ஆளும் கருவியும் பக்கத்திலேயே இருக்கணும். செடேஷனின் பாதுகாப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது.

எதை மறைக்கக் கூடாது?

கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்க: ஆஸ்துமா அல்லது நுரையீரல் நோய், இதய நோய், சர்க்கரை, வலிப்பு, கல்லீரல் அல்லது சிறுநீரகப் பிரச்சினை, தூக்கத்தில் சத்தமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருவது, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, பி12 சத்துக் குறைவு, சமீபத்தில் செய்த காது அல்லது கண் அறுவை சிகிச்சை, முன்பு மயக்க மருந்தால் வந்த தொந்தரவு, மருந்து ஒவ்வாமை. தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போங்க. நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, மதுப் பழக்கம் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

"ஒரு குவாட்டர் போட்டுட்டுப் போனா வலியே தெரியாது" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீங்க. மதுவும் செடேஷன் மருந்தும் சேர்ந்தால் மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போவதும் இதே ஆபத்துதான்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

செடேஷனுக்கு உங்க எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கணும். படிவம் புரியாத மொழியில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்க உரிமை. இந்த ஆறு கேள்விகளையும் தயங்காம கேளுங்க:

1. எனக்கு எந்த வகை செடேஷன்? அதைவிட லேசானது போதாதா?
2. மருந்து கொடுப்பவர் யார்? அதற்கு அவர் பயிற்சி பெற்றவரா?
3. டாக்டர் பல்லைப் பார்க்கும்போது என் மூச்சையும் நாடித்துடிப்பையும் பார்க்க வேறொருவர் இருப்பாரா?
4. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், ஆக்சிஜன், அவசர மருந்துகள் இதே அறையில் இருக்கா?
5. ஏதாவது ஆனால் எந்த மருத்துவமனைக்கு, எப்படிக் கொண்டு போவீங்க?
6. மொத்தச் செலவு எவ்வளவு?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதில் மழுப்பலாக இருந்தால் இன்னொரு இடத்தில் கருத்துக் கேளுங்க. பல் மருத்துவர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்கணும். தனியார் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் பதிவு செய்து முறைப்படுத்த தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவுச் சான்று இருக்கிறதா என்று பாருங்க.

முன்னாடியும் பின்னாடியும்

மாத்திரை, நரம்பு ஊசி, முழு மயக்கம் என்றால் வயிறு காலியாக இருக்கணும். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவான கணக்கு இது: திட உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தணும், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம். பால் கலந்த டீ, காபி, கஞ்சி, மோர் எதுவும் தண்ணீர்க் கணக்கில் வராது. உங்க டாக்டர் இதைவிடக் கூடுதல் நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்க. சர்க்கரை மாத்திரை, இன்சுலின், பிபி மாத்திரையை அன்று என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்க. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கூட ஒரு பெரியவர் கட்டாயம் வரணும். திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவதும் வேண்டாம். ஆட்டோ அல்லது காரில் வாங்க. 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, இயந்திரத்தில் வேலை பார்க்கக் கூடாது, மது தொடக் கூடாது. முக்கியமான ஆவணத்தில் கையெழுத்தும் வேண்டாம். பத்திரப் பதிவுக்கு டோக்கன் வாங்கியிருந்தால் வேறு நாளுக்கு மாற்றிவிடுங்க. வாயு மட்டும் என்றால் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடுவீங்க. ஆனாலும் டாக்டர் பார்த்து 'போகலாம்' என்று சொன்ன பிறகுதான் கிளம்பணும்.

குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறீங்களா?

"அடம் பிடிச்சா டாக்டர் ஊசி போட்டுடுவாரு" என்று வீட்டில் மிரட்டாதீங்க. "ஒண்ணுமே பண்ண மாட்டாங்க" என்று பொய்யும் சொல்லாதீங்க. ஒருமுறை ஏமாந்த குழந்தை அடுத்த முறை நம்பாது. "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பாங்க" என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். குழந்தைப் பல் மருத்துவர்கள் முதலில் சொல்லி, பிறகு கருவியைக் காட்டி, அதன்பிறகே செய்வார்கள். அதிலேயே நிறையக் குழந்தைகள் அடங்கிவிடுவார்கள்.

செடேஷன் கொடுத்த குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவரும்போது தலை முன்பக்கம் தொங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்க. தலை மடங்கினால் மூச்சுப் பாதை அடைபடும். வண்டி ஓட்ட ஒருவர், குழந்தையைக் கவனிக்க இன்னொருவர் என்று இரண்டு பேர் இருப்பது நல்லது. எழுப்பினால் எழாமல் இருந்தாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ உடனே 108.

எங்கே போவது?

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. சொத்தை அடைப்பது, பல் எடுப்பது போன்றவற்றுக்கு அங்கே போகலாம். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவும், வாய் மற்றும் தாடை அறுவை சிகிச்சைப் பிரிவும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உண்டு. சென்னையில் 1953-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலூர் மாவட்டத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. செடேஷன் வசதி எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. அதனால் உங்க ஊர் பல் பிரிவில் "இங்கே இருக்கா, இல்லைன்னா எங்கே அனுப்புவீங்க?" என்று கேட்டு, பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்க. யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்றால் 104 மருத்துவ உதவி எண்ணில் பேசிக் கேட்கலாம்.

வீட்டுப்பாடம்

இன்றைக்கு இரண்டே வேலை. மேலே உள்ள ஐந்து கேள்விகளுக்கும் மதிப்பெண் போட்டு ஒரு தாளில் எழுதுங்க. வீட்டில் பல் வலியோடு நாள் கடத்துகிறவர் யார் என்று பாருங்க. அது அம்மாவாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். அவரை இந்த வாரமே அந்தத் தாளோடு பல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. வாயைத் திறந்து பல்லைக் காட்டும் முன், தாளைக் காட்டச் சொல்லுங்க.